கண்டியும் டென்மார்க்கும்: ஒரு பழைய அறிமுகம்



ஹந்தானை மலைச்சரிவில் ஒரு தோட்டப் பாடசாலை. அங்கே நான் ஆசிரியராக இருந்த காலத்தில் ஒரு நாள் பூமிசாத்திர வகுப்பு நடந்துகொண்டிருந்தது. ஐரோப்பாப் படத்தைச் சுவரில் மாட்டி, பிரான்சு, ஜேர்மனி என்று பிரம்பால் தொட்டுக் காட்டிக்கொண்டு வந்தேன். பின் வாங்கில் இருந்த மாணவி ஒருத்தி எழுந்து, “சேர், டென்மார்க் எங்கே இருக்கிறது? எங்கள் பெரியம்மா அங்கேதான் இருக்கிறார்” என்றாள்.

அவளுடைய பெரியம்மா குடும்பம் 1977ஆம் ஆண்டுக் கலவரத்துக்குப் பின் தோட்டத்தை விட்டு வவுனியாவுக்குப் போனது. 1983இல் அங்கிருந்தும் புறப்பட வேண்டியதாயிற்று. ஒருவர் பின் ஒருவராக அலைந்து கடைசியில் டென்மார்க் சேர்ந்தார்கள். வருடத்துக்கு ஒரு முறை ஒரு கடிதமும், வெண்பனியில் நிற்கும் ஒரு புகைப்படமும் லயத்துக்கு வந்து சேரும்.

படத்தில் அந்த நாட்டைத் தேடிக் காட்டினேன். ஜேர்மனியின் தலைமேல் ஒரு சிறு குடுமி போல அது இருந்தது. “இவ்வளவுதானா சேர்?” என்று கேட்டுவிட்டு அவள் உட்கார்ந்துவிட்டாள். அந்தக் கேள்விக்கு அன்று என்னிடம் சரியான பதில் இருக்கவில்லை. பிற்பாடு தேடிப் படித்தபோது ஒன்று தெரிந்தது. டென்மார்க்கை நாம் 1983இல் அறிமுகம் செய்துகொள்ளவில்லை. இன்றைக்கு 400 ஆண்டுகளுக்கு முன்பே அந்த அறிமுகம் நடந்துவிட்டது. அதுவும் நம் கண்டி இராச்சியத்தோடுதான் முதலில் நடந்தது. அந்த வரலாற்றையே இன்று உங்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

முதலில் அந்த நாட்டின் அளவைப் பார்ப்போம். டென்மார்க்கின் பரப்பளவு ஏறத்தாழ 43,000 சதுர கிலோமீற்றர். நமது இலங்கை 65,610 சதுர கிலோமீற்றர். அதாவது இலங்கையின் மூன்றில் இரண்டு பங்குதான் அது. அங்குள்ள மக்கள் தொகை சுமார் 60 இலட்சம். மலை என்று சொல்லத்தக்க ஒன்று அங்கே இல்லை. நாட்டின் மிக உயர்ந்த இயற்கை மேடு 171 மீற்றரைத் தாண்டாது. கண்டி வாவிக்கரையே கடல்மட்டத்திலிருந்து ஏறக்குறைய 500 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. வாவிக்கரையில் நின்று கடலை விற்கும் பையன், டென்மார்க்கின் மிக உயர்ந்த மேட்டில் ஏறி நிற்பவனைக் காட்டிலும் மூன்று மடங்கு உயரத்தில் நிற்கிறான். ஹந்தானை மலையின் உச்சியோ அதையும் விட இரண்டு மடங்கு மேலே.

ஆனால் 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அந்த இராச்சியம் இன்றிருப்பதைப் போல அத்தனை சிறியதாக இருக்கவில்லை. நோர்வேயும் ஐஸ்லாந்தும் இன்றைய சுவீடனின் தென்பகுதியும் டென்மார்க் மன்னனின் ஆட்சியில் இருந்தன. பால்டிக் கடலுக்குள் நுழையும் கப்பல்கள் யாவும் ஒரு குறுகிய நீரிணையைக் கடந்தாக வேண்டும். அந்த நீரிணையின் வாசலில் நின்று சுங்கம் வாங்கியவன் டென்மார்க் மன்னன். அந்தப் பணத்தில் மாளிகைகளும் கப்பல்களும் கட்டியவன் நான்காம் கிறிஸ்டியான். 1588 முதல் 1648 வரை 60 ஆண்டுகள் அரசனாக இருந்தவன். ஒல்லாந்தரும் ஆங்கிலேயரும் கிழக்கே போய் மிளகும் கறுவாவும் கொண்டுவந்து செல்வம் குவிப்பதைப் பார்த்து, 1616இல் தன் நாட்டிலும் ஒரு கிழக்கிந்தியக் கம்பனியைத் தொடங்க அனுமதி கொடுத்தான். கம்பனி பிறந்துவிட்டது. ஆனால் கிழக்கே எங்கே போவது, யாரிடம் போவது என்பது அவர்களுக்குத் தெரியாது.

இனி இங்கே கண்டிக்கு வருவோம். 1604 முதல் 1635 வரை கண்டியை ஆண்டவன் செனரத் மன்னன். காவியுடை களைந்து அரசுரிமைக்கு வந்தவன். கரையோரம் முழுவதும் போர்த்துக்கேயர் கை ஓங்கியிருந்த காலம் அது. கண்டி நகரையே அவர்கள் எரித்ததும், மன்னன் குடும்பத்தோடு காட்டுக்கு ஒதுங்கியதும் அவன் காலத்திலேயே நிகழ்ந்தன. கடலில் வந்தவனைக் கடலிலேயே எதிர்க்க மன்னனிடம் கப்பல் இல்லை. இன்னொரு வெள்ளையனைத் துணைக்கு அழைப்பதைத் தவிர அவனுக்கு வேறு வழி தோன்றவில்லை.

1612இல் ஒல்லாந்தக் கம்பனியின் தூதனாக மார்சேலிஸ் பொஷோவர் என்பவன் கண்டிக்கு வந்தான். மன்னனோடு உடன்படிக்கை செய்தான். பேச்சு வல்லவன் போலும். மன்னனின் மனம் கவர்ந்து, பட்டங்களும் பதவிகளும் பெற்று, அவையில் ஒருவனாகவே மாறிவிட்டான். வாக்களித்த ஒல்லாந்து உதவி மட்டும் வந்து சேரவில்லை. ஒல்லாந்தர் 1609இல் ஸ்பெயின் மன்னனோடு 12 ஆண்டுப் போர்நிறுத்தம் செய்திருந்தார்கள். போர்த்துக்கலும் அப்போது அதே மன்னனின் கீழ் இருந்தது. கண்டிக்காகக் கப்பல் அனுப்ப அவர்களுக்கு அவசரம் இருக்கவில்லை.

1615இல் பொஷோவர் தானே உதவி தேடிப் புறப்பட்டான். ஒல்லாந்துக் கம்பனியார் அவனை மதிக்கவில்லை. தங்களிடம் வேலை பார்த்தவன் இப்போது கண்டிப் பிரபுவாக, மன்னனின் தூதுவனாக வந்து நிற்பது அவர்களுக்குப் பிடிக்கவில்லை போலும். அங்கிருந்து அவன் டென்மார்க்குக்குப் போனான். போக இடம் தெரியாமல் ஒரு கம்பனி காத்துக்கொண்டிருந்தது. அழைத்துப் போக ஆள் தேடி ஒரு தூதன் வந்தான். கேட்கவா வேண்டும்? 1618இல் செனரத்தின் பேரால் பொஷோவரும் டென்மார்க் மன்னனும் ஓர் உடன்படிக்கை செய்தார்கள். டேனியர் கண்டிக்குப் படையுதவி தர வேண்டும். அதற்கான செலவைக் கண்டி மன்னன் ஏற்பான். வாணிப உரிமையும் டேனியருக்குக் கிடைக்கும்.

1618ஆம் ஆண்டின் இறுதியில் கப்பல்கள் புறப்பட்டன. தலைவன் ஓவே கியெடே. வயது 24. நம் பல்கலைக்கழகத்தில் இறுதியாண்டு படிக்கிற பையன்களின் வயது! கடற்பயணம் ஒன்றரை ஆண்டு நீடித்தது. நோயால் மாலுமிகள் பலர் இறந்தார்கள். பொஷோவரும் வழியிலேயே இறந்துபோனான். 1620ஆம் ஆண்டு மே மாதத்தில், வாக்குக் கொடுத்தவன் இல்லாமல், வாக்கை மட்டும் கையில் வைத்துக்கொண்டு அந்த இளைஞன் இலங்கைக் கரையில் இறங்கினான்.

நேயர்களே, அந்தச் சந்திப்பை ஒரு கணம் கற்பனை செய்து பாருங்கள். கியெடே உடன்படிக்கையை எடுத்து நீட்டுகிறான். செலவுப் பணத்தைக் கேட்கிறான். செனரத் மன்னனோ இப்படியெல்லாம் வாக்களிக்கத் தான் பொஷோவருக்கு அதிகாரம் கொடுக்கவில்லை என்கிறான். அதுமட்டுமன்று. உதவி வரும் என்று ஆண்டுக்கணக்காகக் காத்திருந்து சலித்துப்போன மன்னன், 1617இலேயே போர்த்துக்கேயரோடு சமாதானம் செய்துகொண்டுவிட்டான். யார் மேல் குற்றம்? மன்னன் சொன்னது உண்மை. கியெடே கேட்டதும் அவன் அறிந்த மட்டில் நியாயம். இடையில் நின்றவன் இரண்டு பக்கமும் பெரிதாகச் சொல்லிவிட்டுக் கடலோடு போய்விட்டான்.

மாதக்கணக்காகப் பேச்சு நடந்தது. கடைசியில் 1620 ஆகஸ்டில் ஓர் உடன்படிக்கை எழுதப்பட்டது. அதன்படி திருகோணமலையில் டேனியர் கோட்டை கட்டிக்கொள்ளலாம். ஹந்தானையின் அடிவாரத்தில் பேராதனையை வளைத்துக்கொண்டு ஓடுகிற இந்த மகாவலி கங்கை எங்கே போய்க் கடலோடு கலக்கிறது? திருகோணமலைக்குத் தெற்கே கொட்டியாரக் குடாவில். மலைநாட்டரசன் தன் ஆற்றின் வாசலையே ஒரு வடதேசத்து மன்னனுக்குத் திறந்துவிட்டான் எனலாம்.

ஆனால் அங்கே டேனியரால் காலூன்ற முடியவில்லை. பணமில்லை, ஆளில்லை, மன்னனிடத்தில் நம்பிக்கையுமில்லை. 1621இல் கியெடே நாடு திரும்பினான். திருகோணமலை முயற்சி அத்தோடு கைவிடப்பட்டது. எனினும் அதன் விளைவு நம்மைச் சுட்டது. வேறொரு ஐரோப்பியர் அங்கே வந்து போனதைக் கண்டு விழித்துக்கொண்ட போர்த்துக்கேயர், சில ஆண்டுகளுக்குள் திருகோணமலையைத் தமதாக்கிக்கொண்டார்கள். கோணேசர் கோயிலை இடித்து, அந்தக் கற்களைக் கொண்டே கோட்டை எழுப்பினார்கள்.

பின்னர் நடந்ததை நீங்கள் அறிவீர்கள். செனரத்தின் மகன் இரண்டாம் இராஜசிங்கன், 1638 மார்ச்சில் கன்னொறுவையில் போர்த்துக்கேயப் படையை நிர்மூலமாக்கினான். அந்தப் போர்க்களம் ஆற்றுக்கு அப்பால்தான். அதே ஆண்டில் அவன் ஒல்லாந்தரோடு உடன்படிக்கை செய்தான். போர்த்துக்கேயர் போனார்கள், ஒல்லாந்தர் இருந்துவிட்டார்கள். இஞ்சியைக் கொடுத்து மிளகாயை வாங்கிய கதை என்று சிங்களத்தில் ஒரு பழமொழி உண்டு. தந்தை காலத்தில் ஒரு தூதனின் வாக்கு பொய்த்தது. மகன் காலத்தில் ஒரு கம்பனியின் வாக்கே பொய்த்தது.

டேனியர் வெறுங்கையோடு திரும்பினார்களா என்றால், அதுவுமில்லை. முன்னோடியாக வந்த அவர்களுடைய சிறு கப்பலொன்றைக் காரைக்காலுக்கு அருகே போர்த்துக்கேயர் தாக்கி அழித்தார்கள். அதன் தலைவன் ரோலண்ட் கிராப்பே சிலரோடு உயிர்தப்பிக் கரையேறித் தஞ்சாவூர் சென்றான். இரகுநாத நாயக்கர் அவனை ஆதரித்தார். அந்தத் தொடர்பைப் பற்றிக்கொண்டு கியெடே தஞ்சாவூர் சென்று, 1620 நவம்பரில் நாயக்கரோடு உடன்படிக்கை செய்தான். தரங்கம்பாடி டேனியர் வசமாயிற்று. டான்ஸ்போர்க் கோட்டை எழுந்தது. நாயக்கர் டென்மார்க் மன்னனுக்குப் பொன்னோலையில் எழுதி அனுப்பிய தமிழ் மடல் இன்றும் கொப்பன்ஹேகன் ஆவணக் காப்பகத்தில் இருக்கிறது. கண்டியில் தவறிய அறிமுகம் காவிரிக் கரையில் கைகூடியது.

அந்தத் தரங்கம்பாடிக்குத்தான் 1706இல் டென்மார்க் மன்னன் அனுப்ப, சீகன்பால்கு என்ற ஜேர்மானியப் பாதிரியார் வந்தார். மணலில் விரலால் எழுதித் தமிழ் படித்த பிள்ளைகளோடு தானும் உட்கார்ந்து படித்தவர் என்று அவரைப் பற்றிச் சொல்வார்கள். அவர் முயற்சியால் அங்கே அச்சுக்கூடம் வந்தது. 1714இல் புதிய ஏற்பாட்டின் அச்சு வேலை தமிழில் தொடங்கி அடுத்த ஆண்டு நிறைவேறியது. அவரைச் சிறையில் அடைத்தவனும் டேனியக் கோட்டையின் தளபதியே என்பதையும் சொல்லத்தான் வேண்டும். 1845இல் டேனியர் தரங்கம்பாடியையும் வங்காளத்துச் சேராம்பூரையும் 12½ இலட்சம் ரூபாவுக்கு ஆங்கிலேயரிடம் விற்றுவிட்டுப் போனார்கள்.

இலங்கையோடு இன்னொரு தொடர்பும் உண்டு. 1821இல் ராஸ்முஸ் ராஸ்க் என்ற டேனிய மொழியறிஞர் கொழும்புக்கு வந்தார். சிங்கள எழுத்தைப் பற்றி ஒரு நூல் எழுதி இங்கேயே அச்சிட்டார். பாளி ஏட்டுச் சுவடிகளைத் திரட்டிக் கொப்பன்ஹேகனுக்குக் கொண்டுபோனார். அந்தச் சுவடிகளைத் துணைக்கொண்டே ஃபவுஸ்பெல் என்ற அறிஞர் 1855இல் தம்மபதத்தை அச்சேற்றினார். கண்டி மன்னன் தேடியது கப்பலும் பீரங்கியும். இருநூறு ஆண்டு கழித்து அந்த நாட்டிலிருந்து வந்தவர் தேடியது நமது ஏடுகளை. இரண்டாவது தேடல்தான் நிலைத்தது.

இனி, அந்த மாணவியின் கேள்விக்கு வருகிறேன். “இவ்வளவுதானா?” என்றாளே. ஒரு நாட்டின் அளவைக் கிலோமீற்றரில் மட்டும் சொல்லிவிட முடியுமா?

தோட்டத்தில் பிறந்த நமக்கு நன்றாகப் புரியக்கூடிய ஒரு செய்தியைச் சொல்கிறேன். 1733இல் டென்மார்க்கில் ஒரு சட்டம் வந்தது. குடியானவர் வீட்டு ஆண் பிள்ளை, 14 வயதிலிருந்து 36 வயதுவரை, பிறந்த பண்ணையை விட்டு வெளியேறக்கூடாது. பண்ணையாருக்கு ஆள் வேண்டும், அரசனுக்குப் படை வேண்டும். அதற்காகவே இந்தக் கட்டு. பின்னர் வயதெல்லையை இன்னும் விரித்தார்கள். நாலு வயதுப் பிள்ளையும் அதில் அகப்பட்டது. நம் தோட்டங்களில் இருந்த ‘துண்டு’ முறை உங்களுக்கு நினைவு வருகிறதல்லவா? கடன் தீர்ந்ததென்று துரை எழுதிய துண்டு கையில் இல்லாமல் ஒரு தொழிலாளி அடுத்த தோட்டத்தில் வேலைக்குச் சேர முடியாதிருந்த காலம். அந்த முறை 1921இல்தான் ஒழிந்தது.

டென்மார்க்கில் அந்தக் கட்டை 1788இல் அவிழ்த்தார்கள். அதன் நினைவாகக் கொப்பன்ஹேகனில் ஒரு தூண் இன்றும் நிற்கிறது. அவிழ்த்துவிட்டதோடு நிற்கவில்லை. குடியானவன் நிலம் வாங்க வழி செய்தார்கள். கிருண்ட்விக் என்ற அறிஞரின் சிந்தனையிலிருந்து, 1844இல் குடியானவர்களுக்கான மக்கள் உயர்பள்ளி ஒன்று பிறந்தது. பரீட்சை இல்லாத பள்ளி. 1864இல் ஜேர்மனியரோடு நடந்த போரில் நாட்டின் ஒரு பெரிய பகுதி பறிபோன பின்பும் அவர்கள் ஒடிந்துபோகவில்லை. 1882இல் முதலாவது கூட்டுறவுப் பாற்பண்ணையை அமைத்தார்கள். இரண்டு மாடு வைத்திருந்தவனுக்கும் இருபது மாடு வைத்திருந்தவனுக்கும் அந்தச் சங்கங்களில் ஒரே வாக்கு. பண்ணையில் கட்டுண்டு கிடந்தவர்களின் பேரப்பிள்ளைகள் இப்படித்தான் நாட்டையே எழுப்பினார்கள்.

அவர்கள் மாசற்றவர்கள் என்று நான் சொல்லவில்லை. தன் நாட்டுக் குடியானவனின் கட்டை அவிழ்த்த அதே அரசு, மேற்கிந்தியத் தீவுகளில் ஆபிரிக்கரை அடிமைகளாக வைத்துக் கரும்பு வெட்டுவித்தது. அங்கே அடிமை முறை 1848இல்தான் ஒழிந்தது.

கடைசியாக, நம்மவர் சம்பந்தப்பட்ட ஒரு வரலாறு. 1983க்குப் பின் நம் நாட்டுத் தமிழர் பலர் டென்மார்க்கில் அடைக்கலம் புகுந்தனர். அடைக்கலம் பெற்றவர் மனைவி மக்களை அழைத்துக்கொள்ளலாம் என்பது அந்த நாட்டுச் சட்டம். 1987இல் நீதியமைச்சராயிருந்த எரிக் நின்-ஹான்சன், தமிழரின் அந்த விண்ணப்பங்களை எடுக்காமல் நிறுத்திவைக்கும்படி செய்தார். சட்டம் மாறவில்லை, கோப்புகள் மட்டும் நகரவில்லை. இங்கே கணவனில்லாமல், தகப்பனில்லாமல் காத்திருந்த வீடுகள் எத்தனை! ஹந்தானைக்குக் கடிதம் எழுதும் அந்தப் பெரியம்மாவும் வவுனியாவில் இரண்டு வருடம் அப்படிக் காத்திருந்தவர்தான்.

விடயம் வெளிவந்தது. விசாரணை நடந்தது. உயர் நீதிமன்ற நீதியரசர் ஒருவர் ஆயிரக்கணக்கான பக்கங்களில் எழுதிய அறிக்கை 1993 ஜனவரியில் வெளியானது. பத்தாண்டுகளுக்கு மேல் பிரதமராக இருந்த போல் ஷ்லூட்டரின் அரசாங்கம் பதவி விலகியது. அமைச்சர்களை விசாரிப்பதற்கென்றே உள்ள விசேட நீதிமன்றம், 1910க்குப் பின் முதன்முறையாகக் கூடியது. 1995இல் நின்-ஹான்சன் குற்றவாளி எனத் தீர்ப்பாயிற்று. நான்கு மாதச் சிறை, அதுவும் ஒத்திவைக்கப்பட்ட தண்டனை. தண்டனை சிறிதுதான். ஆனால் யாருக்காக? வாக்குரிமையில்லாத, மொழி தெரியாத, ஊர் பேர் தெரியாத நம் ஏழைப் பெண்களின் விண்ணப்பத்தாள்களுக்காக. அந்நாட்டில் இன்றும் அதற்குத் ‘தமிழர் வழக்கு’ என்றே பெயர்.

அதன் பின்னர் அந்த நாடு தன் கதவுகளை இறுக்கிக்கொண்டதும் உண்மை. 2002இல் 24 வயதுக்குட்பட்ட வெளிநாட்டு வாழ்க்கைத்துணையை அழைக்கத் தடை விதித்தார்கள். ஆனாலும் அது எல்லாருக்கும் தெரிய நாடாளுமன்றத்தில் வாதித்துச் செய்த சட்டம். ஒன்றைச் சட்டமாகச் சொல்லிவிட்டு, மறைவில் வேறொன்றைச் செய்வதுதான் அங்கே ஓர் அரசாங்கத்தை வீழ்த்தியது.

நான் இதைச் சொல்லும்போது ஹந்தானையிலிருந்து பேசுகிறேன் என்பதை மறக்க முடியவில்லை. 1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டம் நம் தோட்டத்து மக்களை ஒரே நாளில் நாடற்றவர்களாக்கியது. அதன் பின் எத்தனை ஒப்பந்தம், எத்தனை வாக்குறுதி! 1964இல் இரண்டு பிரதமர்கள் நம் தலைகளை எண்ணிப் பங்கிட்டார்கள். எஞ்சியோருக்குப் பிரசாவுரிமை வந்தது 2003இல்தான். அந்த 55 ஆண்டுகளுக்காக எந்த அமைச்சர் எந்த நீதிமன்றத்தில் நின்றார்? எந்த அரசாங்கம் பதவி விலகியது?

இன்று டென்மார்க்கில் இலங்கைத் தமிழர் பத்தாயிரத்துக்கும் மேல் வாழ்கிறார்கள். பிரான்டே என்ற சிற்றூரில் அபிராமி அம்மனுக்குக் கோயில் இருக்கிறது. நம் பிள்ளைகள் அங்கே வைத்தியராகவும் பொறியியலாளராகவும் இருக்கிறார்கள். நான்காம் கிறிஸ்டியான் கட்டிய கொப்பன்ஹேகன் வாணிப மாளிகை 2024 ஏப்ரலில் தீப்பற்றி எரிந்தபோது அழுதவர்களில் நம்மவரும் இருந்திருப்பார்கள். கண்டிக்குக் கப்பல் அனுப்பிய மன்னனின் மாளிகை அது என்பது அவர்களில் எத்தனை பேருக்குத் தெரியுமோ!

ஹந்தானை உச்சியில் ஏறி நின்றால், கண்டி நகரம் கையளவாகத் தெரியும். மகாவலி ஒரு வெள்ளி நூல். செனரத் மன்னன் அந்த ஆற்றின் வழியே ஒரு நம்பிக்கையை அனுப்பிவிட்டு, வருடக்கணக்காகக் காத்திருந்தான். அவனுக்குக் கிடைத்தது ஓர் இடைத்தரகனின் பெரிய வாக்கு. வாக்குக் கொடுப்பவன் பெரியவனா சிறியவனா என்பதல்ல, கொடுத்த வாக்குக்கு அவனிடம் கணக்குக் கேட்க ஆள் உண்டா என்பதே கேள்வி.

அந்த மாணவி இப்போது பெரியவளாகி, தானே ஒரு பாடசாலையில் படிப்பிக்கிறாள். அண்மையில் கண்டி பஸ் நிலையத்தில் கண்டேன். “சேர், என் வகுப்பிலும் ஒரு பிள்ளை டென்மார்க் எங்கே என்று கேட்டது” என்று சிரித்தாள். “என்ன சொன்னாய்?” என்று கேட்டேன்.

“படத்தில் சிறியதுதான், ஆனால் நம்முடைய விண்ணப்பத்தை மறைத்து வைத்த மந்திரியைக் கூண்டில் ஏற்றிய நாடு என்று சொன்னேன், சேர்.”

அன்று நான் சொல்லத் தெரியாமல் நின்ற பதிலை அவளே சொல்லிவிட்டாள்.